பச்சை விளக்கும் பழிச்சொல்லும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)



‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் பாட்டிமார் நாவில் வழங்கிவரும் முதுமொழி. இம்மொழியைச் சிறுவயது முதல் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் காலையில் செய்தித்தாளை விரித்த உடனே, தலைப்பைப் படித்து முடிப்பதற்குள், ‘இவன்தான் குற்றவாளி’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். தீர விசாரிப்பதற்கு நமக்கு நேரம் இருப்பதில்லை. செய்தி எழுதியவருக்கும் சில நேரங்களில் அந்த நேரம் இருப்பதில்லை.

அமெரிக்க நாட்டுப் பள்ளிகளில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, செய்தியின் உண்மை எது, தனி ஒருவர் தலையில் பழியைச் சுமத்துவது எந்த அளவுக்குச் சரி என்பதை என் சிற்றறிவுக்கு எட்டியவரை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இயற்பியல் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, இந்நிகழ்ச்சியின் நடுவில் இருப்பது ஒரு கருவி. மற்றொன்று என் வீட்டைச் சேர்ந்தது. அதைப் பின்னர்க் கூறுகிறேன்.

நிகழ்ச்சி நடந்த இடம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிலடெல்பியா நகரை ஒட்டியுள்ள பகுதி லோயர் மெரியன். செல்வர்கள் மிகுதியாக வாழும் புறநகர். அங்குள்ள பள்ளி மாவட்டத்தின் ஆட்சியில் ஹாரிட்டன், லோயர் மெரியன் என்னும் இரண்டு உயர்நிலைப் பள்ளிகள் உள்ளன. 2008ஆம் ஆண்டு ஹாரிட்டன் பள்ளியிலும், அடுத்த ஆண்டு மற்றப் பள்ளியிலும், மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மடிக்கணினி என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 ஆப்பிள் மடிக்கணினிகள் மாணவர் கைகளுக்குச் சென்றன. அவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கலாம். ஏழை மாணவனும் பணக்கார மாணவனும் ஒரே கருவியில் பாடம் படிக்கலாம் என்பது எவ்வளவு நல்ல நோக்கம்!

ஈண்டு ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். என் அக்கா மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது நம் மாநில அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அக்காவின் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. கருவி எனக்கு வந்தது. இக்கட்டுரையும் அதில்தான் எழுதப்பட்டது. திரைக்கு மேலே கடுகளவில் ஒரு கண்ணாடிக் கண் உண்டு. அதை இத்தனை ஆண்டுகளாக நான் ஒரு பொருட்டாகவே கருதியதில்லை. லோயர் மெரியன் மாணவர்களும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

கருவி இயங்கிய விதம்

ஆயிரக்கணக்கான கணினிகளை மாணவர் கையில் கொடுத்தால், சில தொலையும், சில திருடு போகும். அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும் அல்லவா? அதற்காகப் பள்ளி மாவட்டம் லேன்ரெவ் என்னும் நிருவாக மென்பொருளைப் பயன்படுத்தியது. அம்மென்பொருளில் ‘தெஃப்ட் டிராக்’ என்றொரு பகுதி இருந்தது. திருட்டைத் தொடர்வது என்பது அப்பெயரின் பொருள்.

அது வேலை செய்யும் முறை எளிது. அலுவலகத்தில் இருப்பவர் ஒரு கணினிக்கு உரிய கட்டத்தில் அடையாளம் இட்டுவிட்டால் போதும். அக்கணினி எங்கிருந்தாலும், இணையத்தோடு இணைந்த உடனே மூன்று வேலைகளைச் செய்யும். முதலாவதாக, எந்த இணைய முகவரியிலிருந்து இயங்குகிறது என்பதைத் தெரிவிக்கும். இரண்டாவதாக, அந்த நேரத்தில் திரையில் என்ன இருக்கிறதோ அதைப் படமாக எடுக்கும். மூன்றாவதாக, கேமராவின் முன்னால் யார் இருக்கிறார்களோ அவர்களைப் படமெடுக்கும். இவை அனைத்தும் பள்ளியின் கணினிக்கு அனுப்பப்படும். 15 நிமிடங்களுக்கு ஒரு முறை என்ற இடைவெளியில் இது நடந்தது. யாராவது அந்த அடையாளத்தை நீக்கும் வரை கருவி ஓயாது. தன் முன்னால் இருப்பவன் திருடனா, தூங்கப் போகும் மாணவனா என்பது கருவிக்குத் தெரியாது. அதற்குக் கண் உண்டு, கருத்து இல்லை.

கேமரா இயங்கும்போது அதன் அருகில் ஒரு சிறு பச்சை விளக்கு ஒரு கணம் மின்னி மறையும். அதைக் கண்ட மாணவர்கள் சிலர், ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொண்டார்கள். கருவியே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மொழி அவர்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை. மடிக்கணினியைப் பெற்றபோது, கேமரா தொலைவிலிருந்து இயக்கப்படலாம் என்று மாணவருக்கோ பெற்றோருக்கோ முறையாக எழுதித் தெரிவிக்கப்படவில்லை என்பதுதான் இந்த விவகாரத்தின் அடிவேர்.

வெடித்த செய்தி

2009 நவம்பரில் ஹாரிட்டன் பள்ளியின் துணைத் தலைமைப் பொறுப்பில் இருந்த ஓர் அம்மையார், 15 வயது மாணவன் ஒருவனை அழைத்து, அவன் வீட்டில் தகாத செயலில் ஈடுபட்டதாகக் கூறினார் என்றும், அதற்கு மடிக்கணினியின் கேமரா எடுத்த படத்தைச் சான்றாகக் காட்டினார் என்றும் மாணவனின் குடும்பம் குற்றம் சாட்டியது. படத்தில் அவன் கையில் இருந்தவை போதை மாத்திரைகள் என்று கருதப்பட்டன என்றும், உண்மையில் அவை மிட்டாய்கள் என்றும் அவன் தரப்பில் கூறப்பட்டது. 2010 பிப்ரவரியில் குடும்பத்தார் பள்ளி மாவட்டத்தின் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தனர்.

அவ்வளவுதான்! சில நாட்களுக்குள் செய்தி உலகமெங்கும் பரவியது. ‘மாணவர்களின் படுக்கையறையை உளவு பார்த்த பள்ளி’ என்ற பொருளில் தலைப்புகள் வந்தன. 2,300 மாணவர்களையும் யாரோ ஓர் அறையில் அமர்ந்து இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் பதிந்தது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வழக்கு மனு என்பது ஒரு தரப்பின் கூற்று. அது முழு உண்மையாகவும் இருக்கலாம். பாதி உண்மையாகவும் இருக்கலாம். நீதிமன்றத்தில் நிலைநாட்டப்படும் வரை அது கூற்றுத்தான். ‘என்று மனுவில் கூறப்பட்டுள்ளது’ என்ற மூன்று சொற்களை எழுதுவதற்குச் செய்தித்தாளில் எவ்வளவு இடம் வேண்டும்? ஆனால் ஒரு வாயிலிருந்து மறு வாய்க்குச் செய்தி போகும்போது முதலில் உதிர்வது அந்த மூன்று சொற்கள்தாம். ‘கூறப்பட்டது’ என்பது ‘நடந்தது’ என்றாகிவிடுகிறது.

மறுதரப்பும் உடனே விடை கூறியது. தொலைந்த, திருடப்பட்ட, காணாமற்போன கணினிகளைத் தேட மட்டுமே அவ்வசதி பயன்பட்டது என்று பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் கடிதம் எழுதினார். அந்தக் கல்வியாண்டில் 42 முறை பயன்படுத்தியதாகவும் மாவட்டம் கூறியது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டவர்களும் தவறினார்கள். ஏனெனில் அந்த மாணவனின் கணினி திருடு போனதன்று. அது பள்ளி அவனுக்குக் கொடுத்த மாற்றுக் கணினி. காப்பீட்டுக் கட்டணமாகிய 55 டாலர் செலுத்தப்படாத நிலையில் அவன் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றான் என்பதே கருவி முடுக்கப்பட்டதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. ஏறக்குறைய இரண்டு வாரங்களில் அவனுடைய கேமராவிலிருந்தும் திரையிலிருந்தும் 400க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. அவன் உறங்கும் படமும், மேலாடையின்றி இருந்த படமும் அவற்றில் அடங்கும் என்று நீதிமன்றத்தில் கூறப்பட்டது. 55 டாலர் பாக்கிக்கு ஓர் இளைஞனின் உறக்கத்தைப் படமெடுப்பதா என்று கேட்டால், அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

எனவே, முதற்செய்தி மிகைப்படுத்தியது. முதல் மறுப்போ மறைத்தது. உண்மை இரண்டுக்கும் இடையில் எங்கோ ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது.

எண்களைப் படிக்கும் முறை

2010 ஏப்ரலில் இன்னோர் எண் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 56,000 படங்களுக்கு மேல் எடுக்கப்பட்டன என்று விசாரணையில் தெரியவந்தது. இந்த எண்ணைக் கேட்டவர்கள் திடுக்கிட்டார்கள். நானும் முதலில் படித்தபோது திடுக்கிட்டேன். ஐம்பத்தாறாயிரம் முறை மாணவர்களின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்களா?

ஆனால் எண் என்பது தலைப்பில் நிற்கும்போது ஒரு பொருள் தரும். பிரித்துப் பார்க்கும்போது வேறு பொருள் தரும். 2008இல் ஹாரிட்டன் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து ஆறு மடிக்கணினிகள் காணாமற்போயின. காவல்துறையினர் அவற்றை மீட்கும் வரை, ஏறத்தாழ ஆறு மாதங்கள் தேடுதல் தொடர்ந்தது. அந்த ஆறு கணினிகளிலிருந்து மட்டும் வந்த படங்கள் ஏறத்தாழ 38,500. அதாவது மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு!

ஆய்வுக்கூட மாணவன் என்ற முறையில் இதைச் சரிபார்த்தேன். 38,500ஐ ஆறால் வகுத்தால் ஒரு கணினிக்கு ஏறத்தாழ 6,400. ஒவ்வொரு முறையும் கேமராப் படம் ஒன்று, திரைப்படிவம் ஒன்று என்று இரண்டு வருவதால், 3,200 முறை எனக் கொள்ளலாம். 15 நிமிடத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டால் 800 மணி நேரம். ஆறு மாதத்துக்கு, அதாவது 180 நாட்களுக்கு, அதைப் பங்கிட்டால் நாளொன்றுக்கு நான்கரை மணி நேரம். ஒருவர் கணினியை வீட்டில் வைத்து நாள்தோறும் பயன்படுத்தும் நேரத்துக்கு இது பொருந்திவருகிறது. யாரும் அமர்ந்து இந்தப் படங்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதில்லை. கருவி தானே எடுத்துக் குவித்திருக்கிறது.

அப்படியானால் குற்றமே இல்லையா? அப்படி முடிவு கட்டினால் அதுவும் தவறு. எஞ்சிய 17,000க்கும் மேற்பட்ட படங்களை மறந்துவிட முடியாது. கணினி திரும்பக் கிடைத்த பிறகும் தேடுதல் நிறுத்தப்படாத நிகழ்ச்சிகள் இருந்தன. லோயர் மெரியன் பள்ளியில் மற்றொரு மாணவர் 2009 டிசம்பரில் தம் கணினியை மறந்து வைத்துவிட்டுச் சென்றார். சில நாட்களில் அது அவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் கருவியை நிறுத்த யாரும் நினைக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் பதிவாயின. பள்ளி மாவட்டம் பின்னாளில் அறிவித்த பிறகே அவருக்கு இது தெரியவந்தது.

பெரிய எண் எப்போதும் பெரிய குற்றத்தைக் காட்டுவதில்லை. சிறிய எண் எப்போதும் சிறிய குற்றத்தைக் காட்டுவதும் இல்லை. 38,500 படங்கள் திருடு போன பொருளைத் தேடியவை. ஆயிரம் படங்களோ, தன் பொருளைத் தன் வீட்டில் வைத்திருந்த ஒருவரை எடுத்தவை. மனத்தை உறுத்துவது எது? சிறிய எண்தான். தலைப்பில் வந்ததோ பெரிய எண்.

பழி தேடிய விரல்கள்

ஒரு தவறு வெளிப்பட்டதும் மக்கள் கேட்கும் முதற் கேள்வி, ‘யார்?’ என்பதே. இங்கும் அக்கேள்வி எழுந்தது. மூன்று பேரை நோக்கி விரல்கள் நீண்டன. பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அவர்களும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர்களே.

முதலாமவர், மாணவனிடம் பேசிய பள்ளி அம்மையார். அவர் கேமராக்களுக்கு முன் நின்று, எந்த மாணவரையும் தாம் வீட்டில் கண்காணித்ததும் இல்லை, கண்காணிக்க அனுமதி அளித்ததும் இல்லை என்று அறிவித்தார். ஒரு படம் இருந்தது என்பது வேறு. அதை எடுக்கச் செய்தவர் யார் என்பது வேறு. முதற்செய்திகளில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன.

இரண்டாமவரும் மூன்றாமவரும் கணினிப் பிரிவின் ஊழியர்கள். ஒருவர் தொழில்நுட்ப உதவியாளர், மற்றவர் அப்பிரிவின் ஒருங்கிணைப்பாளர். இருவரும் ஊதியத்தோடு கூடிய விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். விடுப்பு என்பது விசாரணைக்காகத்தான். ஆனால் ஊராருக்கு அது தீர்ப்பாகவே தோன்றும். படங்கள் ஒரு தொலைக்காட்சித் தொடரைப் போல் இருக்கின்றன என்று சொல்லப்பட்டதும், அதற்கு மற்றவர் தமக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது என்ற பொருளில் விடை எழுதியதும் மின்னஞ்சலில் இருந்து வெளிவந்தன. இது அழகான செயல் அன்று. மற்றவர் வீட்டுக் கதவு திறந்து கிடக்கும்போது உள்ளே பார்த்துச் சிரிப்பது பண்பாகாது. ஆனால் பண்பற்ற ஒரு வரி வேறு, திட்டமிட்ட உளவு வேறு. முதலாவது கண்டிப்புக்கு உரியது. இரண்டாவது சிறைக்கு உரியது. செய்தி படிப்பவர் மனத்தில் இரண்டுக்கும் ஒரே தண்டனை.

2010 மே மாதத்தில் விசாரணை அறிக்கை வெளிவந்தது. பள்ளி மாவட்டமே அமர்த்திய சட்ட நிறுவனம் அதைத் தயாரித்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஆயினும் அது மாவட்டத்தைக் காப்பாற்றிவிடவில்லை. ஊழியர்கள் அக்கருவியைக் கொண்டு மாணவரை உளவு பார்த்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று கூறிய அவ்வறிக்கை, தொழில்நுட்பத்தை அளவுக்கு மீறிய ஆர்வத்தோடு, பிறர் அந்தரங்கத்தைப் பற்றிய எண்ணமே இல்லாமல் கையாண்டதாகக் கணினிப் பிரிவைக் கண்டித்தது. எழுதப்பட்ட விதிமுறை எதுவும் இல்லை என்றும், மேலிடத்தார் கேட்டறியவில்லை என்றும், கல்விக் குழுவுக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரிவிக்கப்படவில்லை என்றும் அது கூறியது.

இவற்றைவிட என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. திட்டம் தொடங்கவிருந்த 2008 ஆகஸ்டிலேயே, கணினிப் பிரிவில் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவன் இந்த வசதியைக் கண்டறிந்து, இதை மாணவருக்கும் பெற்றோருக்கும் அறிவிக்க வேண்டும் என்று எழுதினான். அப்படிக் கண்காணிக்கும் எண்ணமே இல்லை என்று சொல்லி அவனை அமைதிப்படுத்திவிட்டார்கள். பின்னர் மாணவர் மன்றத்தினரும் பள்ளித் தலைமையிடம் தங்கள் ஐயத்தைத் தெரிவித்தார்கள். பெரியவர்கள் பலர் இருந்த இடத்தில், பதவியும் ஊதியமும் இல்லாத ஒரு மாணவன் கண்ட ஆபத்தை மற்றவர்கள் காணவில்லை; கண்டவர்களும் பொருட்படுத்தவில்லை. இந்தப் பொறுப்பை எந்தத் தனி ஒருவர் தலையில் வைப்பது?

சட்டம் சொன்னது

2010 மே மாதத்தில் நீதிபதி ஜான் டுபுவா, பள்ளி மாவட்டம் மாணவர் கணினிகளின் கேமராவைத் தொலைவிலிருந்து இயக்கக் கூடாது என்று தடை விதித்தார். கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையும் விசாரித்தது. ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள் கூட்டாட்சி அரசு வழக்குரைஞர் சேன் மெமெகர், குற்ற வழக்கு எதுவும் தொடரப்படாது என்று அறிவித்தார். குற்றம் புரியும் நோக்கத்தோடு யாரும் செயற்பட்டார் என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கச் சான்று இல்லை என்பது அவர் கூறிய காரணம். அக்டோபரில் உரிமை வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. மொத்தம் 6,10,000 டாலர். அதில் முதல் மாணவனுக்கு 1,75,000 டாலரும், இரண்டாவது மாணவருக்கு 10,000 டாலரும் போக, மீதி 4,25,000 டாலர் வழக்குச் செலவாக வழக்குரைஞருக்குச் சென்றது.

இடையில் செனட் உறுப்பினர் ஆர்லன் ஸ்பெக்டர் பிலடெல்பியாவிலேயே ஒரு விசாரணைக் கூட்டம் நடத்தினார். ஒருவர் பேச்சை ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம், ஒலியில்லாத படத்தைத் தடுக்கவில்லை என்ற ஓட்டை அங்கே சுட்டிக்காட்டப்பட்டது. வீட்டுக்குள் இரகசியமாகப் படமெடுப்பதையும் அச்சட்டத்துக்குள் கொண்டுவர அவர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. குற்றவாளி யார் என்று தேடியவர் ஆயிரம் பேர். ஓட்டை எங்கே என்று தேடியவர் ஒரு சிலரே.

சுழிப்பிழை

முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்த நாளை நாம் மறந்திருக்க மாட்டோம். கம்பியின் விட்டத்தை அளப்பதற்கு முன், கருவியின் இரு முகங்களையும் சேர்த்து, சுழியில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். நிற்காவிட்டால் அது கருவியின் பிழை. அதைத் திருத்தாமல் எத்தனை முறை அளந்தாலும், எவர் அளந்தாலும், விடை தவறாகவே வரும். அளந்தவனைத் திட்டிப் பயனில்லை. அதே நேரத்தில், கருவி சரியாக இருந்தும் கண்ணைச் சாய்த்துப் பார்த்து அளவைத் தவறாக எழுதினால், அது அளந்தவனின் பிழை. அதற்குக் கருவியைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது. எல்லாப் பிழைக்கும் ‘மாணவன் கவனக்குறைவு’ என்று எழுதுபவரும், எல்லாப் பிழைக்கும் ‘கருவி சரியில்லை’ என்று எழுதுபவரும் ஆய்வை அறியாதவரே.

லோயர் மெரியனிலும் இதுதான். விதிமுறை இல்லாதது, பெற்றோருக்கு அறிவிக்காதது, நிறுத்த வேண்டிய நாளை யாரும் குறிக்காதது ஆகியவை சுழிப்பிழைகள். அந்த இருவரை நீக்கி வேறு இருவரை அமர்த்தியிருந்தாலும் கருவி அப்படியே படமெடுத்திருக்கும். ஆனால் படத்தைப் பார்த்துச் சிரித்தது, திரும்பக் கிடைத்த கணினியைக் குறித்து நினைக்காதது, மாணவன் எச்சரித்தபோது காது கொடுக்காதது ஆகியவை மனிதரின் பிழைகள். ‘அமைப்பின் கோளாறு’ என்ற போர்வைக்குள் அவற்றை ஒளித்துவிடக் கூடாது. எல்லோருக்கும் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும்.

எனவே ஒரு செய்தியை எழுதுபவரும் படிப்பவரும் நான்கு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நடந்தது என்ன? கையால் செய்தவர் யார்? செய்யச் சொன்னவர், அல்லது தெரிந்தும் வாளா இருந்தவர் யார்? தடுக்கும் கடமை யாருக்கு இருந்தது? இந்நான்கிற்கும் நான்கு விடைகள் வரலாம். நான்கையும் ஒரே பெயரில் முடித்துவிடும்போதுதான் அநீதி நிகழ்கிறது.

என் வீட்டுக் கதை

முதலில் சொன்ன இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது என் தந்தையார் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கும் வேலையும் இரவுக் காவலும் பார்த்துவந்தார். ஒரு மாதக் கணக்கில் முப்பத்திரண்டு மூட்டைகள் குறைந்தன. அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துக் கேட்டார்கள், மாலையில் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஒரு நாளிதழின் உட்பக்கத்தில், அவர் பெயரும் ஊரும் வயதும் போட்டு, ‘காவலாளி கைவரிசை’ என்று ஐந்து வரிச் செய்தி வந்தது. கைது கிடையாது, வழக்கும் கிடையாது. மூன்று வாரங்கள் கழித்து, ஒரே லாரியின் ரசீது வரவுப் பக்கத்தில் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. மூட்டைகள் குறையவே இல்லை. முதலாளி அப்பாவை மீண்டும் வேலைக்கு அழைத்துக்கொண்டார். ஆனால் அது செய்தியாக வரவில்லை.

என் தந்தையார் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நாள்தோறும் தேநீர்க் கடையில் யாராவது செய்தித்தாளைப் படிக்கக் கேட்டுவிட்டு வேலைக்குப் போவது அவர் வழக்கம். அந்த ஐந்து வரிகளையும் அப்படித்தான், நாலு பேர் நடுவில், பிறர் வாயால் கேட்டார். அதன் பிறகு அவர் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ‘படிச்சவங்க எழுதினா அது நிஜமாத்தான் இருக்கும்னு நெனப்பாங்க’ என்று அவர் ஒருநாள் சொன்னார். நான் கற்ற எந்தப் பாடமும் அந்த ஒரு சொல்லைப் போல் என்னை உறுத்தியதில்லை.

கணக்கு எழுதியவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு முறை எழுதியது கைப்பிழை. ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபார்க்கும் வழக்கம் அங்கே இல்லாதது சுழிப்பிழை. விசாரித்தார்கள் என்பதைத் திருடினார் என்று எழுதியதுதான், எந்தக் கருவிமீதும் சுமத்த முடியாத பிழை.

முடிவுரை

இக்கட்டுரையை எழுதி முடித்து, விடுமுறை நாளில் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். அமெரிக்கப் பள்ளியின் கதையைப் பொறுமையாகக் கேட்டார். வழக்குத் தொடரப்படாது என்று அரசு வழக்குரைஞர் அறிவித்த இடம் வந்ததும், “ஏம்ப்பா, அதையும் மொதல்ல போட்ட அளவுக்குப் பெரிசாப் போட்டிருந்தாத்தானே நியாயம்?” என்றார்.

நண்பர்களே! நம்மில் சிலர் நாளை பத்திரிகைக்குச் செல்வோம், சிலர் ஆசிரியராவோம், சிலர் கணினிப் பிரிவில் அமர்ந்து அப்படி ஒரு கட்டத்தில் அடையாளம் இடும் இடத்திலேயே இருப்போம். எங்கிருந்தாலும் கையில் அலைபேசியோடு நாள்தோறும் நூறு பேருக்குச் செய்தி அனுப்புகிறவர்களாக இப்போதே இருக்கிறோம். கருவியைக் கையில் எடுக்கும்போது, அதன் முன்னால் இருப்பவருக்கு அது தெரியுமா என்று கேட்போம். ஒருவர் பெயரை எழுதும்போது, ‘கூறப்பட்டது’ என்ற சொல்லை உதிர்க்காமல் காப்போம். தவறு என்று பின்னால் தெரிந்தால், முன்பு சொன்ன அதே குரலில், அதே அளவில், திருத்திச் சொல்வோம். தீர விசாரிப்பது நீதிபதிக்கு மட்டும் உரிய வேலையன்று. எழுத்தறிந்த ஒவ்வொருவருக்கும் உரிய கடமை.